புனித மோனிக்கம்மாள்: ஒரு தாயின் வாழ்வும் மரணமும்

ஜூபிலி மலர் என்றால் அதில் என்னென்ன இடம்பெறும் என்பது நாம் அறிந்ததே. ஆயர் ஆண்டகையின் ஆசிச் செய்தி, பணியாற்றிச் சென்ற குருக்களின் பட்டியல், உபதேசியார்களின் பெயர்கள், கோயிலுக்குக் கல்லும் மணலும் மணியும் கொடுத்தவர்களின் விவரம் ஆகிய எல்லாம் முறைப்படி இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் குரும்பலூரில் விசுவாசத்தை வீட்டுக்கு வீடு காத்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், அந்தப் பட்டியல்களில் பெயர் வராதவர்களே அதிகம். விடியுமுன் எழுந்து, பருத்திக் காட்டுக்கும் வெங்காயக் காட்டுக்கும் போகுமுன் தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டுப் போன தாய்மார்கள் அவர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயர் என்ற ஒரு கட்டத்தோடு அவர்களுடைய சரித்திரம் முடிந்துவிடுகிறது.

ஆகவே மலர்க் குழுவினர் நம்மிடம் கட்டுரை கேட்டபோது, ஒரு தாயின் வரலாற்றையே எழுதுவதென்று முடிவு செய்தோம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மகன் குடிக்கிறான், கோயிலுக்கு வருவதில்லை, பேசினால் சண்டைக்கு வருகிறான் என்று அழுதுகொண்டு குருவானவர் இல்லத்துக்கு வரும் தாய்மாரிடம் புனித மோனிக்கம்மாளை வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவது குருக்களாகிய எங்கள் வழக்கம். அழுதார், ஜெபித்தார், மகன் திரும்பி வந்து புனிதரானார் என்று மூன்று வரியில் கதையை முடித்துவிடுவோம். கேட்கும் தாயோ, நம் மகன் இன்னும் திரும்பவில்லையே, அப்படியானால் நாம் அழுத அழுகைதான் போதவில்லையோ என்று மனம் நொந்து போகிறாள். இது அந்தத் தாய்க்கும் நியாயமன்று, மோனிக்கம்மாளுக்கும் நியாயமன்று. எனவே வரலாற்றை முழுதாகச் சொல்ல விரும்புகிறோம். இதில் சொல்லப்படுவன பெரும்பாலும் அவருடைய மகன் அகுஸ்தீனாரே ஆயரான பின் தம் அறிக்கைகள் என்னும் நூலில் எழுதி வைத்தவை.

மோனிக்கம்மாள் 331 அல்லது 332-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என்ற பெயரோடு விளங்குகிறது. அன்று உரோமைப் பேரரசின் கீழ் இருந்த ஊர். பெற்றோர் கிறிஸ்தவர்கள். ஆனால் அவரை வளர்த்ததில் பெரும்பங்கு வீட்டிலிருந்த ஒரு வயதான வேலைக்காரிக்கு உரியது. மோனிக்கம்மாளின் தகப்பனாரையே குழந்தையாய் இருந்தபோது முதுகில் சுமந்து வளர்த்தவள் அந்தக் கிழவி. சாப்பாட்டு வேளை தவிர மற்ற நேரத்தில் பெண்பிள்ளைகளைத் தண்ணீர்கூடக் குடிக்க விடமாட்டாளாம். இன்று தண்ணீருக்கு அடக்கம் இல்லாதவள் நாளை கணவன் வீட்டில் சாவியைக் கையில் வாங்கியதும் திராட்சை இரசத்துக்கும் அடக்கமின்றிப் போவாள் என்பது அவள் கணக்கு.

கிழவியின் கணக்கு முழுக்கத் தவறிப்போகவில்லை. பெற்றோர் சிறுமி மோனிக்காவைத்தான் பீப்பாயிலிருந்து திராட்சை இரசம் எடுத்துவர அனுப்புவார்கள். முதலில் விளையாட்டாக உதட்டை நனைத்தாள். நாளுக்கு நாள் அது வளர்ந்து, ஏறக்குறைய ஒரு கிண்ணம் நிறையக் குடிக்கும் வரை போய்விட்டது. உடன் போகும் வேலைக்காரச் சிறுமி ஒருநாள் சண்டையில் இவளைக் குடிகாரி என்று சொல்லிக் காட்டினாள். அந்த ஒரு சொல் சுருக்கென்று தைத்தது; அன்றோடு பழக்கம் ஒழிந்தது. புனிதர்கள் பிறக்கும்போதே ஒளிவட்டத்தோடு பிறந்தார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடையில் போய் வாங்கி வா என்று பிள்ளையின் கையில் காசு கொடுத்து அனுப்பும் தகப்பன்மாரும் இதைக் கவனித்தால் நல்லது.

வயது வந்ததும் பத்ரீசியுஸ் என்பவருக்கு அவரை மணம் செய்து கொடுத்தார்கள். சிறிதளவு நிலபுலம் உள்ளவர், ஊர் மன்றத்தில் உறுப்பினர், கிறிஸ்தவர் அல்லர். இளகிய மனமும் உண்டு, கடுங்கோபமும் உண்டு. மனைவிக்குத் துரோகமும் செய்தார். கணவர் கோபத்தில் இருக்கும்போது மோனிக்கம்மாள் பதில் பேசமாட்டார். ஆறிய பின்பு அமைதியாக எடுத்துச் சொல்வார். பத்ரீசியுஸ் அவரை ஒருநாளும் அடித்ததில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் முகத்தில் காயத்தோடு வந்து, இவருடைய முகத்தில் மட்டும் தழும்பில்லையே என்று வியந்தபோது, இந்தப் பொறுமையைத்தான் அவர் வழியாகக் காட்டினார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் நகர முடியவில்லை. மனைவி வாயை மூடிக்கொண்டிருந்தால் அடி விழாது என்று இந்தப் பகுதியை வைத்துப் பிரசங்கம் செய்வோர் இருந்திருக்கிறார்கள். அது தவறு. மோனிக்கம்மாள் வாழ்ந்த காலத்தில் அடிபட்ட பெண்ணுக்குப் போக்கிடம் இல்லை. இருந்த ஒரே வழியை அவர் சொன்னார். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டிலேயே குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் வந்துவிட்டது. மனைவியை அடிக்கும் கணவன் புனிதையின் பொறுமையைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாமியார் கதையும் உண்டு. வேலைக்காரிகள் கோள் மூட்டி மாமியாரை மருமகளுக்கு விரோதமாகத் திருப்பிவிட்டார்கள். மோனிக்கம்மாள் எதிர்வாதம் செய்யாமல் பணிவிடையாலேயே மாமியாரின் மனத்தை வென்றார். கடைசியில் மாமியாரே மகனிடம் கோள் சொன்னவர்களைக் காட்டிக்கொடுத்தார். இருவர் சண்டையிட்டுக்கொண்டு தனித்தனியே வந்து ஒருவர்மேல் ஒருவர் குறை சொன்னால், சேர்த்து வைக்க உதவும் வார்த்தையை மட்டுமே மோனிக்கம்மாள் மற்றவரிடம் கொண்டுபோய்ச் சொல்வாராம். இது பெரிய புண்ணியமாகத் தோன்றாமல் போகலாம். நம் தெருக்களில் ஒரு மாதம் வாழ்ந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூன்று பிள்ளைகள் பிழைத்து வளர்ந்ததாக அறிகிறோம். அகுஸ்தீன், நவீஜியுஸ், பிற்காலத்தில் கன்னியர் மடத்தின் தலைவியாக விளங்கிய ஒரு மகள். அகுஸ்தீன் பிறந்தது 354 நவம்பர் 13. குழந்தைக்கு வயிற்று நோய் கண்டு சாகும் தறுவாயில் இருந்தபோது தாய் ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு செய்தார். நோய் தணிந்ததும் அதைத் தள்ளிப் போட்டார்கள். வாலிபத்தில் செய்யப்போகும் பாவங்களைக் கழுவ ஞானஸ்நானம் மிச்சமிருக்கட்டும் என்பது அக்காலத்து எண்ணம். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று மகன் பின்னாளில் வருந்திக் கேட்டிருக்கிறார். தாயும் இதில் தவறியவரே.

பையன் படிப்பில் சூரன். சக்திக்கு மீறிச் செலவு செய்து தகப்பனார் அவனைக் கார்த்தேஜ் நகரத்துக்கு அனுப்ப முயன்றார். அந்தச் சமயத்திலேயே பத்ரீசியுஸ் கிறிஸ்துவை ஏற்றார். ஞானஸ்நானம் பெற்றுச் சில காலத்தில், சுமார் 371-ல், இறந்தார். கணவருக்காகக் காத்திருந்தது பல ஆண்டுகள். மகனுக்காக இன்னும் அதிகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

கார்த்தேஜில் அகுஸ்தீன் ஒரு பெண்ணோடு மணமின்றி வாழ்ந்தார். அதேயோதாத்துஸ் என்ற மகன் பிறந்தான். 19 வயதில் மனிக்கேயர் என்ற கூட்டத்தில் சேர்ந்தார். நன்மைக்கு ஒரு தெய்வம், தீமைக்கு ஒரு சக்தி, இரண்டும் என்றென்றும் போராடுகின்றன என்று போதித்த மார்க்கம் அது. படிப்பு முடித்து ஊர் திரும்பிய மகனை வீட்டில் சேர்க்கவும் ஒரே மேசையில் உண்ணவும் மோனிக்கம்மாள் மறுத்துவிட்டார். நாம் எப்போதும் அழுகிற மோனிக்கம்மாளையே படத்தில் பார்க்கிறோம். கதவை அடைத்த மோனிக்கம்மாளும் உண்டு.

அப்போதுதான் அவருக்கு அந்தக் கனவு வந்தது. மரத்தால் ஆன ஒரு சட்டத்தின்மேல் தாம் நிற்பதாகவும், ஒளி பொருந்திய ஓர் இளைஞன் வந்து ஏன் அழுகிறாய் என்று விசாரித்து, நீ இருக்குமிடத்திலேயே உன் மகனும் இருக்கிறான் பார் என்று காட்டியதாகவும் கண்டார். திரும்பிப் பார்த்தால் மகன் அருகில் நிற்கிறான். கனவைக் கேட்ட மகன், நீங்கள்தான் ஒருநாள் என் பக்கம் வருவீர்கள் என்று பொருள் சொல்லிப் பார்த்தான். தாய் சற்றும் தயங்காமல், அவன் இருக்குமிடத்தில் நீ இருப்பாய் என்று எனக்குச் சொல்லப்படவில்லை, நீ இருக்குமிடத்தில் அவன் இருப்பான் என்றே சொல்லப்பட்டது என்று மறுத்தார். எழுத்து வாசனையில் மகனுக்கு நிகராகாத அந்தத் தாய் பேச்சுக்கலை ஆசிரியரை மடக்கியது மகனுக்கே கனவைவிட அதிகம் உறைத்ததாம். கனவுக்குப் பின் வீட்டில் சேர்த்துக்கொண்டார். ஆனால் அது நிறைவேற ஏறக்குறைய 9 ஆண்டுகள் சென்றன.

இடையில் ஓர் ஆயரிடம் போனார். அந்த ஆயர் தாமே சிறுவயதில் மனிக்கேயரிடம் வளர்ந்து, அவர்கள் நூல்களைப் பிரதி எடுத்து, பொய்யென்று கண்டு விலகியவர். என் மகனோடு வாதாடித் திருத்துங்கள் என்று மோனிக்கம்மாள் கேட்டார். ஆயர் மறுத்தார். அவன் இப்போது கர்வத்தில் இருக்கிறான், விட்டுவிடு, நீ ஜெபம் மட்டும் செய், வாசித்து வாசித்து அவனே உணர்வான் என்றார். தாய் விடவில்லை, அழுது கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் ஆயர் சலித்துப்போய், போய் வா அம்மா, இத்தனை கண்ணீருக்குப் பிறந்த பிள்ளை கெட்டுப்போவது நடவாது என்று அனுப்பிவிட்டார். உலகப் புகழ் பெற்ற அந்த வாக்கு பிரசங்க மேடையிலிருந்து வந்ததன்று. வாசலில் நின்ற அம்மாவை எப்படியாவது அனுப்பிவிட வேண்டுமே என்ற சலிப்பில் பிறந்தது. பங்குக் குருவாகிய நாம் அந்தச் சலிப்பை நன்றாகவே அறிவோம். அதிலும் ஆண்டவர் பேசுவார் என்று நினைக்கும்போது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

383-ஆம் ஆண்டில் அகுஸ்தீன் உரோமைக்குப் புறப்பட்டார். தாய் துறைமுகம் வரை தொடர்ந்து வந்து, போகாதே, இல்லையேல் என்னையும் கூட்டிப் போ என்று பிடித்துக்கொண்டார். நண்பனை வழியனுப்பும் வரை இங்கேதான் இருப்பேன் என்று மகன் பொய் சொல்லி, அருகிலிருந்த புனித சிப்ரியானார் ஆலயத்தில் தாயை அன்றிரவு தங்க வைத்தார். இரவெல்லாம் மகன் போகக்கூடாதென்று ஜெபித்தார் தாய். விடிந்து கரைக்கு வந்து பார்த்தால் கப்பல் இல்லை. வளைகுடா நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் திருச்சி விமான நிலையத்தின் கண்ணாடிக்கு வெளியே நின்ற தாய்மாருக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. நம் ஓரியூரில் 1693 பெப்ரவரி 4-ஆம் நாள் வேதசாட்சியாக மரித்த புனித அருளானந்தரின் தாயாரும் மகனை இந்தியாவுக்கு விடமாட்டேன் என்று லிஸ்பன் நகரில் போராடியவரே. ஆனால் மகன் வேதத்துக்காக இறந்த செய்தி எட்டியபோது துக்க உடை உடுத்தாமல் திருநாள் உடை உடுத்து அரசன்முன் வந்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது.

தாயின் வேண்டுதலை அன்றிரவு ஆண்டவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அகுஸ்தீன் மிலானுக்குப் போயிருக்கமாட்டார், அம்புரோசியாரைச் சந்தித்திருக்கமாட்டார். மகனைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் ஆசையும் அந்தக் கண்ணீரில் கலந்திருந்தது என்று அகுஸ்தீனாரே எழுதியிருக்கிறார்.

385-ல் மோனிக்கம்மாள் கடல் கடந்து மிலானுக்கு வந்து சேர்ந்தார். புயலில் மாலுமிகளே நடுங்கியபோது அவர் அவர்களுக்குத் தைரியம் சொன்னார். அங்கே ஒரு காரியம் நடந்தது. ஆப்பிரிக்காவில் வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கஞ்சியும் அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுபோய்ப் படைத்துப் பகிர்ந்துண்பது வழக்கம். மிலானிலும் அப்படியே கூடையோடு போனார். வாயிற்காவலன் தடுத்தான், ஆயர் அம்புரோசியார் விலக்கியிருக்கிறார் என்றான். எங்கள் ஊர் வழக்கம் இதுதான் என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடையை வைத்துவிட்டார். அதற்குரியதை ஏழைகளுக்குக் கொடுத்தார். திருநாள் சமயத்தில் ஒரு சப்பரத்தை எந்தத் தெரு வழியாகக் கொண்டுபோவது என்று இரவு 12 மணி வரை பேசித் தீராத கூட்டங்களில் உட்கார்ந்த நமக்கு, இந்தக் கூடையைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் பெருமூச்சு வருகிறது.

386-ஆம் ஆண்டில் அரசமாதா ஜுஸ்தினா ஆரியப் பதிதருக்காக ஒரு கோயிலைப் பறிக்க முயன்றபோது, மக்கள் இரவும் பகலும் கோயிலுக்குள்ளேயே ஆயரோடு காவலிருந்தார்கள். அவர்களில் முன்னணியில் மோனிக்கம்மாள் இருந்தார். மக்கள் சோர்ந்து போகாமலிருக்கச் சங்கீதங்களையும் கீதங்களையும் சேர்ந்து பாடும் வழக்கம் மிலானில் அப்போதுதான் தொடங்கியது.

ஆனால் அந்த மிலானில்தான் நம்மால் பாராட்ட முடியாத ஒன்றும் நடந்தது. மகனுக்கு நல்ல இடத்தில் பெண் பேச மோனிக்கம்மாள் முயற்சி எடுத்தார். பேசிய பெண்ணுக்குச் சட்டம் குறித்த மணவயதுக்கு இன்னும் ஏறக்குறைய 2 ஆண்டு குறைவு. திருமணத்துக்குத் தடையென்று, சுமார் 15 ஆண்டு உடன் வாழ்ந்த அந்தப் பெண்ணை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இனி வேறொருவனை அறியேன் என்று ஆண்டவரிடம் பொருத்தனை செய்து, பெற்ற மகனையும் விட்டுவிட்டு அவள் போனாள். அவள் பெயரைக்கூட அகுஸ்தீனார் எழுதவில்லை. அவளும் ஒரு தாய். இந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒரு வெளிப்பாடு தரும்படி மோனிக்கம்மாள் ஆண்டவரை வேண்டினார், தரப்படவில்லை. வந்ததெல்லாம் தம் மனத்தின் கற்பனையே என்று தாமே ஒப்புக்கொண்டார். அந்தக் கல்யாணம் நடக்கவுமில்லை.

நடந்தது வேறு. 386 ஆகஸ்டில் மிலானில் ஒரு தோட்டத்தில் அகுஸ்தீன் மனந்திரும்பினார். எழுந்ததும் நேரே உள்ளே ஓடித் தாயிடம்தான் சொன்னார். பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச ஆசைப்பட்ட தாய், மகன் இனிமேல் மணமே வேண்டாமென்று சொன்னதைக் கேட்டு அதைவிட அதிகமாக மகிழ்ந்தார். நம் கருத்தில் அன்று மனந்திரும்பியவர்கள் இருவர்.

ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாக அகுஸ்தீன் கசிசியாக்கும் என்ற கிராமத்தில் ஒரு நண்பரின் வீட்டில் சில மாதம் தங்கினார். தாயும் உடனிருந்து அத்தனை பேருக்கும் வீட்டைக் கவனித்தார். பெரிய தத்துவ விவாதம் நடக்கும்போது சாப்பிட வாருங்கள் என்று தள்ளிக்கொண்டு போவார். அதே விவாதத்தில் உட்கார்ந்து, மெய்யான பேரின்பம் எது என்ற கேள்விக்குப் படித்தவர்கள் திகைக்கும்படி பதிலும் சொல்வார். லிசென்சியுஸ் என்ற வாலிபன் ஒருநாள் கழிப்பறையில் இருந்துகொண்டு உரக்கச் சங்கீதம் பாடினான். அந்த இடத்தில் பாடுகிற பாட்டா அது என்று மோனிக்கம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். பிள்ளைகளை ஞானோபதேசத்துக்குத் தயாரிக்கும் எந்தத் தாயும் இந்த மோனிக்கம்மாளை உடனே அடையாளம் கண்டுகொள்வாள்.

387 ஏப்ரலில், பாஸ்கு இரவில், அகுஸ்தீனும் மகன் அதேயோதாத்துசும் நண்பர் அலீப்பியுசும் அம்புரோசியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊர் திரும்ப உரோமைக்கு அருகிலுள்ள ஒஸ்தியா துறைமுகத்துக்கு வந்து கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். ஒருநாள் தாயும் மகனும் தனியே, வீட்டுத் தோட்டத்தைப் பார்த்த ஒரு சன்னலில் சாய்ந்துகொண்டு, மோட்ச வாழ்வு எப்படியிருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு உயர்ந்து உயர்ந்து, ஒரு கணம் அந்த நித்தியத்தையே தொட்டுவிட்டாற்போல இருவரும் மௌனமானார்கள். பிறகு தாய் சொன்னார்: இவ்வுலகில் எனக்கு இனி எதிலும் இன்பமில்லை, உன்னைக் கத்தோலிக்கனாகப் பார்க்க வேண்டுமென்றே இருந்தேன், அதற்கு மேலாகவே ஆண்டவர் தந்துவிட்டார், இனி எனக்கு இங்கே என்ன வேலை?

ஐந்து நாள் சென்றிருக்கும். காய்ச்சல் கண்டது. ஒருமுறை நினைவிழந்து, மீண்டும் விழித்து, நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார். பிள்ளைகளின் துயர முகத்தைப் பார்த்து, உங்கள் தாயை இங்கேயே அடக்கம் செய்யுங்கள் என்றார். நவீஜியுஸ், அந்நிய மண்ணில் வேண்டாம், நம் ஊரிலே கண்மூடலாமே என்று ஆறுதல் சொல்ல, தாய் அவரைக் கடிந்து நோக்கினார்.

இது சிறிய காரியமன்று. தகாஸ்தேயில் கணவர் கல்லறைக்குப் பக்கத்தில் தமக்கென்று இடம் ஒதுக்கி வைத்திருந்தவர் மோனிக்கம்மாள். இவ்வளவு கஷ்டத்தோடு வாழ்ந்த இருவரும் ஒரே மண்ணில் கிடக்க வேண்டும், கடல் கடந்துபோயும் திரும்பி வந்து சேர்ந்தாள் என்று ஊரார் சொல்ல வேண்டும் என்று வெகுநாள் ஆசை. சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பெற்றோர் பக்கத்தில் இடம் வேண்டுமென்று நம்மிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கும் பெரியவர்களுக்கு அந்த ஆசை புரியும். அதைத்தான் கடைசியில் விட்டார். துறைமுகத்தில் மகனை விடமாட்டேன் என்று பிடித்த அதே கை. இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம், எங்கிருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவே கேட்கிறேன் என்றார். ஊருக்கு இவ்வளவு தூரத்தில் உடலை விட்டுப்போக அச்சமில்லையா என்று கேட்டவர்களுக்கு, கடவுளுக்கு எந்த இடமும் தூரமில்லை, உலகமுடிவில் என்னை எங்கிருந்து எழுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமலா போகும் என்று பதில் சொல்லியிருந்தார்.

நோய் கண்ட ஒன்பதாம் நாள், 56-ஆம் வயதில், மோனிக்கம்மாள் உயிர் துறந்தார். அப்போது அகுஸ்தீனாருக்கு 33-ஆம் வயது நடந்துகொண்டிருந்தது. அவரே தாயின் கண்களை மூடினார். பேரன் அதேயோதாத்துஸ் ஓவென்று கதறினான்; பெரியவர்கள் அவனை அடக்கினார்கள். எவோதியுஸ் சங்கீத நூலை எடுத்துப் பாட, வீடே சேர்ந்து பாடியது. விசுவாசத்தோடு மரித்தவளுக்கு ஒப்பாரி தகாது என்று அகுஸ்தீனார் கண்ணீரை அடக்கிக்கொண்டார். கல்லறையருகே பலி ஒப்புக்கொடுத்தபோதும் அழவில்லை. குளித்தால் துயரம் தீருமென்று குளித்துப் பார்த்தார், தீரவில்லை. படுத்து உறங்கி விழித்ததும், அம்புரோசியாரின் மாலைக் கீதம் ஒன்று நினைவுக்கு வந்தது. மெல்ல மெல்லத் தாயின் அன்பான பேச்சும் நினைவுக்கு வர, அடக்கியிருந்ததெல்லாம் உடைந்து, கொஞ்ச நேரம் அழுது தீர்த்தார். எனக்காக இத்தனை ஆண்டு அழுத தாய்க்காக நான் ஒரு மணியில் சிறு பகுதி அழுதது பாவமென்று ஒருவன் நினைத்தால் நினைக்கட்டும் என்று பிற்பாடு எழுதினார்.

மகன் ஆப்பிரிக்கா திரும்பி, ஹிப்போ நகரின் ஆயராகி, திருச்சபையின் மாபெரும் வேதபாரகராகி, 430 ஆகஸ்டு 28-ஆம் நாள் இறந்தார். அதையெல்லாம் தாய் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஞானஸ்நானம் பெற்ற மகன் ஒருவனே.

தகாஸ்தேயில் கணவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்துவிட்டது. மோனிக்கம்மாளின் எலும்புகள் 1430-ல் ஒஸ்தியாவிலிருந்து உரோமைக்குக் கொண்டுவரப்பட்டன. இன்று அங்குள்ள புனித அகுஸ்தீனார் ஆலயத்தில் இருக்கின்றன. 1945-ஆம் ஆண்டில் ஒஸ்தியாவில் கோயிலருகே விளையாட்டுக் கம்பம் நடக் குழி தோண்டிய சிறுவர்களுக்கு ஒரு சலவைக்கல் துண்டு அகப்பட்டது. அது அவருடைய கல்லறைக் கல்வெட்டின் ஒரு பகுதி. திருச்சபை நாட்காட்டியில் மே 4-ல் இருந்த அவருடைய திருநாள் 1969-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், மகனின் திருநாளுக்கு முந்தின நாளாகிய ஆகஸ்டு 27-க்கு மாற்றப்பட்டது.

தம் தாயின் வரலாற்றை முடிக்கும் இடத்தில் அகுஸ்தீனார் வாசிக்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார். இதை வாசிப்போர் என் தாய் மோனிக்காவையும், அவள் கணவர் பத்ரீசியுசையும் ஆண்டவருடைய பீடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது அது. இந்தப் பங்கில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 27 காலைத் திருப்பலியில், கோபக்காரரான அந்தப் பத்ரீசியுசின் பெயரையும் சேர்த்தே நாம் வாசித்து வருகிறோம்.